பெராரி 250 ஜி.டி.ஓ

பெராரி 250 ஜி.டி.ஓ என்பது இத்தாலி நாட்டின் பெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை உருவாக்கிய விளையாட்டுத் தானுந்து (ஸ்போர்ட்ஸ் கார்) ஆகும். பந்தயத்தில் ஓட்டுவதற்காகவே இது வடிவமைக்கப்பட்டது. எனினும், பதிவெண் பெற்றுப் பொதுச் சாலையிலும் ஓட்டக்கூடியதாக இருந்தது. மூன்று லிட்டர் உந்துபொறியுடன் மொத்தம் 36 தானுந்துகள் மட்டுமே செய்யப்பட்டன. புதியதாக விற்கப்பட்டபோது ஐக்கிய அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். சில ஆண்டுகளில் இது பழைய பந்தய வண்டியாகச் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இன்று உலகில் மிக அதிக விலைக்கு விற்கப்படும் தானுந்துகளுள் இதுவும் ஒன்று.

செவ்வியல் இத்தாலியத் தானுந்துகளைச் சேகரிப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான கேள்விகள் பலவும் இவ்வண்டியின் வரலாற்றில் எழுந்துள்ளன. அசல் எது, போலி எது, பழுதுபார்த்த வண்டி எந்த அளவுக்குப் பழைய வண்டியாகும், இத்தகைய பொருளை ஓட்ட வேண்டுமா, காட்சிக்கு வைக்க வேண்டுமா என்பன அவற்றுட் சில.

பெயர்க் காரணம்

பெராரி நிறுவனம் அக்காலத்தில் தன் தானுந்துகள் பலவற்றுக்கு ஓர் உருளையின் கொள்ளளவைக் கொண்டு எண் இட்டது. இவ்வண்டியின் உந்துபொறி (எஞ்சின்) மொத்தம் 2,953 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 12 உருளைகளும் உடையது. எனவே ஓர் உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ 246 கன சென்டிமீட்டர் ஆகும். இதையே முழு எண்ணாக 250 என்றனர்.

ஜி.டி.ஓ என்பது "கிரான் துரீஸ்மோ ஒமொலொகாத்தோ" என்னும் இத்தாலியச் சொற்றொடரின் சுருக்கம். "கிரான் துரீஸ்மோ" என்பது நெடும்பயணத்துக்கு உரிய விரைவுத் தானுந்து வகையைக் குறிக்கும். "ஒமொலொகாத்தோ" என்றால் பந்தய விதிகளின்படி ஏற்பு அளிக்கப்பட்டது என்று பொருள்.

பின்னணி

1962ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு, உற்பத்தியாளர்களுக்கான உலகப் போட்டியைக் கிரான் துரீஸ்மோ வகைத் தானுந்துகளுக்கு உரியதாக மாற்றியது. பெராரியின் 250 ஜி.டி. குறுந்தள வண்டி அதற்கு முன்பே இவ்வகையில் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் குட்வுட் களத்தில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை அவ்வண்டியிலேயே வென்றார். ஆனால் அதன் முகப்பு உயரமாகவும் மழுங்கலாகவும் இருந்தது. மிகுந்த வேகத்தில் காற்றின் தடை பெருகியதோடு வண்டியின் முன்பகுதி மேலெழும் போக்கும் காணப்பட்டது. இக்குறைகளை நீக்கிப் புதிய தானுந்து ஒன்றை உருவாக்கும் பணி பொறியாளர் ஜியோட்டோ பிஸ்ஸாரினியிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிஸ்ஸாரினி உந்துபொறியைத் தாழ்வாகவும் பின்னோக்கியும் அமைத்தார். முகப்பைத் தாழ்த்தி நீட்டினார். வடிவத்தைச் சீராக்குவதற்குப் பீசா பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தைப் பயன்படுத்தினார். 1961 செப்டம்பரில் முன்மாதிரி வண்டியை ஸ்டர்லிங் மாஸ் மொன்சா களத்தில் ஓட்டிச் சோதித்தார்.

1961ஆம் ஆண்டின் இறுதியில் நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் பிஸ்ஸாரினி உட்பட முதன்மைப் பொறியாளர்கள் பலர் பெராரியை விட்டு வெளியேறினர். முடிவுறாத பணியை 26 வயதே நிரம்பிய மவ்ரோ போர்கியெரி ஏற்றுக்கொண்டார். உடற்கூட்டை மொடேனா நகரில் பட்டறை நடத்திய செர்ஜியோ ஸ்காலியெத்தி செய்து முடித்தார். 1962 பிப்ரவரியில் பெராரியின் ஆண்டுச் செய்தியாளர் கூட்டத்தில் வண்டி அறிமுகம் செய்யப்பட்டது. எனவே இதனை ஒருவரின் படைப்பு என்று கூறுவதற்கில்லை.

ஏற்புச் சிக்கல்

அக்கால விதிகளின்படி ஒரு தானுந்து இவ்வகையில் ஏற்கப்பட வேண்டுமானால், தொடர்ச்சியான 12 மாதங்களில் 100 வண்டிகள் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஜி.டி.ஓ அந்த எண்ணிக்கையை ஒருபோதும் எட்டவில்லை. தணிக்கையாளர்கள் வந்தபோது என்சோ பெராரி அதே வண்டிகளை இடம் மாற்றி மாற்றிக் காட்டினார் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் அதற்குத் தேவையே இருக்கவில்லை. முன்னரே ஏற்கப்பட்டிருந்த 250 ஜி.டி. வண்டியின் மேம்பட்ட வடிவமாகவே ஜி.டி.ஓ பதிவு செய்யப்பட்டது. பழைய வண்டியின் திடமான பின் அச்சு புதியதிலும் நீடித்ததற்கு இதுவே காரணம்.

வடிவமைப்பு

நீள்வட்டக் குறுக்குவெட்டுடைய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து அடிச்சட்டம் அமைக்கப்பட்டது. அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டாலான உடற்கூடு பொருத்தப்பட்டது. தகடுகள் கையால் தட்டி உருவாக்கப்பட்டமையால் எந்த இரு வண்டிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. காற்றுத் திறப்புகளின் எண்ணிக்கை, விளக்குகளின் இடம் போன்றவை வண்டிக்கு வண்டி வேறுபடும். முகப்பின் மேல்விளிம்பில் உள்ள அரைவட்டமான மூன்று சிறு திறப்புகள் இதன் அடையாளமாகக் கருதப்படுகின்றன. குளிர்விப்பு மிகுதியாகத் தேவைப்படும்போது இவற்றின் மூடிகளைக் கழற்றிவிடலாம். வண்டியின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். இவ்விளிம்பு மிகுந்த வேகத்தில் பின்சக்கரங்கள் தரையைப் பற்றி ஓட உதவுகிறது.

உட்பகுதி மிக எளிமையானது. தளவிரிப்பு கிடையாது. ஓட்டுநரின் எதிரே உந்துபொறியின் சுழற்சியைக் காட்டும் மானி உண்டு, வேகமானி கிடையாது. மின்விசைகள் பல பியட் 500 என்னும் மலிவான சிறு தானுந்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை.

தொழில்நுட்ப விவரங்கள்

- உந்துபொறி: "வி" வடிவில் அமைந்த 12 உருளைகள், 2,953 கன சென்டிமீட்டர்
- உருளை விட்டமும் வீச்சும்: 73 மில்லிமீட்டர், 58.8 மில்லிமீட்டர்
- திறன்: ஏறத்தாழ 300 குதிரைத்திறன்
- எரிபொருள் ஊட்டம்: ஆறு இரட்டை வழி வெபர் கார்ப்பரேட்டர்கள்
- கியர்: முன்னோக்கி ஐந்து
- பிரேக்: நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் வகை
- சக்கரம்: கம்பிச் சக்கரங்கள்
- அச்சிடைத் தொலைவு: 2,400 மில்லிமீட்டர்
- எடை: ஏறத்தாழ 900 கிலோகிராம்
- உச்ச வேகம்: மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர்

உந்துபொறியின் அடிப்படை வடிவம் ஜியோக்கினோ கொலம்போ 1940களில் வரைந்த ஒன்றரை லிட்டர் பொறியிலிருந்து படிப்படியாக வளர்ந்தது. லெ மான் பந்தயத்தை 1958, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் வென்ற 250 டெஸ்டா ரோசா வண்டியிலும் இப்பொறியே இருந்தது. பொதுவாக உந்துபொறிகளின் மசகு எண்ணெய் அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஜி.டி.ஓவில் எண்ணெய் தனித் தொட்டியில் வைக்கப்பட்டுப் பம்பின் மூலம் செலுத்தப்படுகிறது. எனவே ஆழமான அடித்தட்டு தேவைப்படவில்லை. உந்துபொறியைத் தாழ்த்தி வைக்க முடிந்தது. வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப் பொறி வறண்டுபோகும் இடரும் நீங்கியது.

பந்தயங்களில்

1962 மார்ச்சில் நடந்த சீப்ரிங் 12 மணிநேரப் பந்தயமே ஜி.டி.ஓவின் முதல் பந்தயம். பில் ஹில், ஒலிவியே ஜாந்தபியான் ஆகியோர் இதனை ஓட்டி மொத்த வரிசையில் இரண்டாம் இடத்தையும் தம் பிரிவில் முதலிடத்தையும் பெற்றனர். அதே ஆண்டில் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜி.டி.ஓ வண்டிகள் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தன. 1963இலும் லெ மான் பந்தயத்தில் இரண்டாம் இடம் கிடைத்தது. டூரிஸ்ட் டிராபியை 1962இல் இன்னெஸ் அயர்லாந்தும் 1963இல் கிரகாம் ஹில்லும் இவ்வண்டியில் வென்றனர். பிரான்சைச் சுற்றிப் பல நாட்கள் நடக்கும் தானுந்துப் போட்டியில் 1963, 1964 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜி.டி.ஓவே வென்றது.

இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பிரிவில் உற்பத்தியாளர் பட்டத்தை 1962, 1963, 1964 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெராரி வென்றது. எனினும் மூன்றாம் ஆண்டின் வெற்றி எளிதாகக் கிடைக்கவில்லை. அதற்குள் நடுப்பகுதியில் உந்துபொறி வைக்கும் முறை பந்தய உலகில் பரவிவிட்டது. அம்முறையில் செய்த 250 எல்.எம். வண்டிக்குப் பெராரி ஏற்புக் கோரியபோது, போதிய எண்ணிக்கையில் செய்யப்படவில்லை எனக் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. எனவே ஜி.டி.ஓவுக்கே புதிய உடற்கூடு அமைத்து 1964இல் களமிறக்கினர். அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில் அமெரிக்காவின் கோப்ரா டேடோனா நான்காம் இடத்தையும் ஜி.டி.ஓ ஐந்தாம் இடத்தையும் பெற்றன. 1965இல் பட்டம் கோப்ராவுக்குச் சென்றது.

இவ்வண்டிகள் உயிர்ப்பலியும் கொண்டன. 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற பிரெஞ்சு வீரர் ஆன்றி ஒரெய்யே, 1962 அக்டோபரில் மோன்லேரி களத்தில் ஜி.டி.ஓ ஓட்டியபோது விபத்தில் இறந்தார். அந்த வண்டி பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. 2014இல் அது ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

எண்ணிக்கை

36 தானுந்துகளில் 33 முதல் வகை உடற்கூட்டுடனும் 3 வண்டிகள் 1964ஆம் ஆண்டின் இரண்டாம் வகை உடற்கூட்டுடனும் செய்யப்பட்டன. முதல் வகையைச் சேர்ந்த நான்கு வண்டிகளுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை உடற்கூடு மாற்றப்பட்டது. இவை தவிர நான்கு லிட்டர் உந்துபொறியுடன் மூன்று வண்டிகள் உருவாக்கப்பட்டன. அவற்றை 330 ஜி.டி.ஓ என்பர். அவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவோர் மொத்தம் 39 எனக் கூறுவர்.

பழைய வண்டியாக

பந்தய வண்டியின் வாழ்நாள் குறுகியது. புதிய வண்டிகள் வந்ததும் பழையவை மதிப்பிழக்கும். 1960களின் பிற்பகுதியில் ஜி.டி.ஓ வண்டிகள் சில ஆயிரம் டாலருக்கே விற்கப்பட்டன. ஒரு வண்டி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. மாணவர்கள் தானுந்துத் தொழிற்பயிற்சிக்கு அதனைப் பயன்படுத்தினர். பள்ளி அதனை விற்ற பின், ஒகையோ மாநிலத்தில் வயல்வெளியில் இழுவண்டி ஒன்றின் மேல் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தது. 1980களின் இறுதியிலேயே அது மீட்கப்பட்டது.

பிங்க் பிளாய்டு இசைக்குழுவின் டிரம் கலைஞர் நிக் மேசன் 1970களின் இறுதியில் ஒரு ஜி.டி.ஓவை 40,000 பவுண்டுக்கும் குறைந்த விலையில் வாங்கினார். 1962 லெ மான் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்ற வண்டி அது. அதனை அவர் பல பத்தாண்டுகளாகத் தம்மிடம் வைத்திருப்பதோடு பந்தயங்களிலும் ஓட்டி வந்துள்ளார்.

விலை வரலாறு

1980களின் பிற்பகுதியில் செவ்வியல் தானுந்துகளின் விலை திடீரென உயர்ந்தது. 1989இல் ஒரு ஜி.டி.ஓ 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலையில் ஜப்பானிய வாங்குநர் ஒருவருக்கு விற்கப்பட்டது. ஆனால் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தபின் நிலைமை தலைகீழாகியது. அதே வண்டி 1994 அளவில் ஏறத்தாழ 35 லட்சம் டாலருக்கே கைமாறியது. இதனை முதலீடாக மட்டும் கருதி வாங்கியோருக்கு அது பெரும் இழப்பாக முடிந்தது.

அதன் பின்னர் விலை மீண்டும் உயர்ந்தது. ஸ்டர்லிங் மாஸுக்கெனச் செய்யப்பட்ட வெளிர்பச்சை வண்டி 2012இல் 3 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மாஸ் 1962 ஏப்ரலில் விபத்தில் படுகாயமுற்றதால் அவ்வண்டியைப் பந்தயத்தில் ஓட்டவில்லை. அதில்தான் இன்னெஸ் அயர்லாந்து டூரிஸ்ட் டிராபியை வென்றார். 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் ஒரு வண்டி 4 கோடியே 84 லட்சம் டாலரைப் பெற்றது. அதே ஆண்டில் மற்றொன்று தனிப்பட்ட முறையில் 7 கோடி டாலருக்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில், நான்கு லிட்டர் உந்துபொறியுடன் பிறந்த ஒரு வண்டி 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

பராமரிப்பு

இத்தகைய தானுந்தை வைத்திருப்பதற்கு விலையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அக்கால இத்தாலியத் தானுந்துகள் பலவற்றுக்கும் பொதுவான சில இடர்கள் இதற்கும் உண்டு.

- அரிப்பு: எஃகுக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும். அலுமினியமே முதலில் அரிக்கப்படும். வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சேதம் பரவக்கூடும்.
- கார்ப்பரேட்டர்: ஆறு கார்ப்பரேட்டர்களின் பன்னிரு வழிகளிலும் காற்று ஒரே அளவில் செல்ல வேண்டும். ஒன்று பிசகினாலும் பொறி சீராக ஓடாது. இவற்றைச் சமன்படுத்துவது பயிற்சி பெற்றவரின் கைவேலை ஆகும்.
- எரிபொருள்: எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் சிதைக்கக்கூடியது. நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாக மாறி நுண்துளைகளை அடைக்கும்.
- ஓட்டாமை: நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்படும் வண்டியில் அடைப்புகள் உலர்ந்து எண்ணெய் கசியும்; பிரேக் உறுப்புகள் இறுகிவிடும். ஆகவே இயங்கும் நிலையில் வைத்திருக்க விரும்புவோர் வண்டியை அவ்வப்போது ஓட்டுகின்றனர்.

பந்தயத்தில் பங்கேற்கும் உரிமையாளர் சிலர் அசல் உந்துபொறியைக் கழற்றிப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, புதிதாகச் செய்த மாற்றுப் பொறியைப் பொருத்தி ஓட்டுவதும் உண்டு.

அசல்தன்மை

பந்தய வண்டிகள் மோதின, எரிந்தன, வெட்டித் திருத்தப்பட்டன. ஆதலால் ஒரு ஜி.டி.ஓவின் மதிப்பு அதன் ஆவணங்களைச் சார்ந்துள்ளது. அடிச்சட்டம், உந்துபொறி, கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றில் பொறிக்கப்பட்ட எண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிடப்படுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை ஆய்ந்து சான்றளிப்பதற்கெனப் பெராரி நிறுவனமே தனிப் பிரிவு ஒன்றை வைத்துள்ளது.

தனி உறுப்பு ஒன்றின் பொருட்டும் வழக்குகள் நடந்துள்ளன. 1962 சீப்ரிங் பந்தயத்தில் ஓடிய ஜி.டி.ஓ விற்கப்பட்டபோது அதன் அசல் கியர்ப்பெட்டி வண்டியில் இல்லை. அமெரிக்காவில் வேறொருவரிடம் இருந்தது. அதனைப் பெற்றுத் தருவது யார் பொறுப்பு என்னும் வழக்கில், விற்றவரே அதனை ஒப்படைக்க வேண்டும் என 2020இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி அக்கியர்ப்பெட்டி இல்லாமலும் ஓடக்கூடியதே. ஆயினும் அது இல்லையேல் வண்டி முழுமையற்றது என்பதே வழக்கின் அடிப்படையாக இருந்தது.

நகல்கள்

விலை உயர உயர நகல்கள் பெருகின. இவற்றுட் பல வேறொரு பெராரியை அழித்துச் செய்யப்பட்டவை. நால்வர் அமரும் 250 ஜி.டி.ஈ வண்டி ஏறத்தாழ 950 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அதன் உந்துபொறி ஜி.டி.ஓவின் பொறியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. விலை குறைவாக இருந்தமையால் அவ்வண்டிகள் பலவற்றின் உடற்கூட்டை வெட்டியெறிந்து, அடிச்சட்டத்தைக் குறுக்கி ஜி.டி.ஓ நகல்களாக மாற்றினர். இதனால் தம்மளவில் வரலாற்று மதிப்புடைய வண்டிகள் குறைந்துபோயின. இன்று ஜி.டி.ஈ வண்டிகளும் தேடப்படும் பொருளாகிவிட்டன.

2019இல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம், 250 ஜி.டி.ஓவின் வடிவம் பதிப்புரிமைக்கு உரிய கலைப்படைப்பு என ஏற்று, மொடேனாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அவ்வடிவில் வண்டி செய்வதற்குத் தடை விதித்தது. ஆனால் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் வேறு முடிவுக்கு வந்தது. அவ்வடிவத்தைப் பெராரி வணிகக் குறியாகப் பதிந்திருந்தாலும் தானுந்துகளுக்கு அதனைப் பயன்படுத்தவில்லை என்று கூறி, பதிவின் பெரும்பகுதியை நீக்கியது. பொம்மைகள், சிறு மாதிரிகள் ஆகியவற்றுக்கான உரிமை மட்டும் எஞ்சியது.

ஓட்டுவதா, காட்சிக்கு வைப்பதா

செவ்வியல் தானுந்து ஆர்வலரிடையே இது நீண்டகால விவாதம் ஆகும். திரும்பச் செய்ய இயலாத ஒரு பொருளை விபத்துக்கு உட்படுத்துவது முறையன்று என ஒரு சாரார் கருதுகின்றனர். ஓசையும் மணமும் அசைவும் இல்லாத தானுந்து வெறும் தகடே என்பது மறுசாராரின் கருத்து. நடைமுறையில் ஜி.டி.ஓ உரிமையாளர் பலர் ஓட்டுவதையே தெரிந்தெடுத்துள்ளனர். குட்வுட் களத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் பழைய தானுந்துப் பந்தயங்களில் இவ்வண்டிகள் ஓடியுள்ளன. வண்டி அறிமுகமான ஆண்டை நினைவுகூர்ந்து, உரிமையாளர்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றுகூடி நெடும்பயணம் மேற்கொள்வதும் உண்டு.

1962இல் இவ்வண்டியை வாங்க விரும்பியவர் என்சோ பெராரியின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் முகவர் லுயிஜி கினெத்தியின் பரிந்துரையும் தேவைப்பட்டது. நன்கு ஓட்டத் தெரிந்தவரிடமே வண்டி சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று வாங்குவதற்குப் பெருஞ்செல்வம் மட்டுமே தடையாக உள்ளது. ஆயினும் வெபர் கார்ப்பரேட்டரைச் சமன்படுத்தவும் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டவும் தெரிந்த கைவினைஞர்கள் அருகி வருகின்றனர். போர்கியெரி 2022இலும் பிஸ்ஸாரினி 2023இலும் காலமானார்கள். ஸ்காலியெத்தி 2011இலேயே மறைந்துவிட்டார். எஞ்சியுள்ள வண்டிகள் தொடர்ந்து இயங்குவது, அவர்களது தொழில்நுணுக்கம் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கப்படுவதைப் பொறுத்தே அமையும்.

பெயர் மரபு

ஜி.டி.ஓ என்னும் பெயரைப் பெராரி பின்னர் இரு முறை பயன்படுத்தியுள்ளது. 1984இல் வெளிவந்த வண்டி 288 ஜி.டி.ஓ என அறியப்படுகிறது. 2010இல் 599 ஜி.டி.ஓ வெளிவந்தது.